பூதவுடலைப் படம் பிடித்தவர் மீது வழக்குத் தொடரலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: “மலர்ச்சாலையில் என் தகப்பனாரின் பூதவுடலைக் கழுவும்போது ஊழியர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து, ‘குடித்தே செத்தவர்’ என்று எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அப்பாவின் மோதிரத்தையும் காணவில்லை. செத்தவருக்கு எதிராகக் குற்றம் கிடையாது என்று பொலிஸார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?”

பொலிஸார் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியதுதான் பிழை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் சடலத்தை இழிவுபடுத்துவது 292ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஆனால் அப்பிரிவு மதம் தொடர்பான குற்றங்களின் அத்தியாயத்தில், மயானத்தில் அத்துமீறுவதோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது காப்பது இறந்தவரை அல்ல, உயிரோடிருக்கும் உங்கள் மனவுணர்வை. ஆகவே ஊழியர் உங்களைப் புண்படுத்த எண்ணினார், அல்லது நீங்கள் புண்படக்கூடும் என்று அறிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். எண்ணத்தைக் காட்டுவது கடினம். அறிந்திருந்தார் என்பதற்கு அந்த வாசகமே சாட்சி. முறைப்பாட்டில் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

அந்த வாசகத்துக்காகத் தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் தனிக் குற்றச்சாட்டு கிடைக்காது. இறந்தவர் மீது பழி சுமத்துவதும் அவதூறாகலாம் என்று கோவையில் முன்பு ஒரு விளக்கம் இருந்தது. 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. பத்திரிகையாளர்களுக்கு அது நியாயமான விடுதலை. அதனால் கோவையில் விழுந்த ஓட்டையை எவரும் அடைக்கவில்லை.

மோதிரத்துக்கு வருவோம். களவு என்றால் ஒருவரின் உடைமையிலிருந்து பொருளை எடுக்க வேண்டும். இறந்தவருக்கு உடைமை இல்லை. அதற்காகவே 387ஆம் பிரிவு இருக்கிறது: ஒருவர் இறக்கும்போது அவரிடம் இருந்த பொருள் உரியவர் கைக்கு வருமுன் அதை நேர்மையீனமாகத் தனதாக்கிக்கொள்வது குற்றம். ஆனால் உங்கள் தாயார் அந்த மோதிரத்தைக் கழற்றித் தன்னிடம் வைத்திருந்து, பார்வைக்கு வைப்பதற்காக மீண்டும் அணிவித்திருந்தால் நிலைமை மாறும். பொருள் அவர் கைக்கு வந்துவிட்டதால் 387 பொருந்தாது, களவாகிவிடும். அவரே அதை ஊழியரிடம் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி. எனவே பிரிவின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். மோதிரம் கடைசியாக யார் கையில், எப்போது இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இனித் தரகர்கள். பிரேத அறை வாசலிலும் புதுக்கடை நீதிமன்ற வாசலிலும் நிற்கும் இவர்கள் “மலர்ச்சாலையோடு பேசி முடித்துத் தருகிறேன்” என்று சமாதானக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வெற்றுத்தாளிலும் கேட்பார்கள், துக்கத்தில் இருப்பவர் போட்டும் விடுவார். போடாதீர்கள். படம் வந்த கைப்பேசியை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள், படத்தை அழிக்கவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

பொலிஸார் மறுபடியும் மறுத்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி நீதவானிடம் நீங்களே முறையிடலாம். எழுத்து மூலமானால் அதைச் சட்டத்தரணியே வரைந்து மேலொப்பமிட வேண்டும். தரகர் தட்டச்சு செய்து தரும் மனுவுக்கு அங்கே மதிப்பில்லை.