ஈஸ்ட் இல்லாமல் நாண்: கலவை மாவு பற்றிய உங்கள் கேள்விகள்

செல்ஃப் ரைசிங் மாவிலும் பிஸ்குவிக் போன்ற கலவை மாவிலும் நாண் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

லண்டன் வாசகி: அக்கா, செல்ஃப் ரைசிங் மாவில் தயிர் மட்டும் ஊற்றிப் பிசைந்தால் நாண் வந்துவிடும் என்கிறார்கள். நிஜமாகவே வருமா?

நன்றாகவே வரும் அம்மா. அந்த மாவு மைதாவும் பேக்கிங் பவுடரும் சேர்ந்ததுதான். பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ் 1845-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கடலில் மாதக்கணக்கில் போகும் மாலுமிகளுக்கு ஈஸ்ட் இல்லாமலே புது ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். வேலைக்குப் போய் வந்து எட்டு மணிக்கு அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் அதே வசதிதான் வேண்டியிருக்கிறது.

250 கிராம் மாவுக்குக் கட்டித் தயிர் சுமார் 200 கிராம் பிடிக்கும். முதலில் 150 கிராம் சேருங்கள், மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து விடுங்கள். வீட்டுத் தயிர் நீர்த்திருந்தால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயும் அரை ஸ்பூன் உப்பும் போதும். பிரிட்டனில் விற்கும் செல்ஃப் ரைசிங் மாவில் பெரும்பாலும் உப்பு இருக்காது; அமெரிக்க மாவில் இருக்கும். அதனால் பாக்கெட்டைப் படித்துவிட்டு உப்புப் போடுங்கள். மாவு ஒன்றுசேர்ந்து வழுவழுப்பாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் போதும். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். மூடி வைத்து இருபது நிமிடம் கழித்துத் தேய்க்கலாம். ஆறு நாண் வரும்.

நியூ ஜெர்சி வாசகர்: பிஸ்குவிக்கில் இதே முறையில் செய்தேன். தேய்க்கும்போதே விண்டு போகிறது.

விண்டுதான் போகும். 1931-இல் பிஸ்குவிக் வந்ததே அமெரிக்க பிஸ்கட், அதாவது மெத்தென்ற குட்டி ரொட்டி, செய்வதற்காகத்தான். அதில் மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரை இவற்றோடு கொழுப்பும் கலந்திருக்கிறது. கொழுப்பு மாவின் இழுவையைக் குறைத்துவிடும். பிஸ்கட்டுக்கு அது நல்லது, நாணுக்கு ஆகாது. பாதி பிஸ்குவிக், பாதி மைதா என்று கலந்து, தயிர் விட்டுப் பிசையுங்கள். எண்ணெயும் உப்பும் தனியாக வேண்டாம். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவந்துவிடும், கல்லைவிட்டு நகராதீர்கள்.

ஈரோடு வாசகி: எங்கள் ஊர்க் கடைகளில் இந்த மாவெல்லாம் கிடைப்பதில்லை அக்கா.

கிடைக்க வேண்டியதே இல்லை. ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. இரண்டு மூன்று முறை சலித்து டப்பாவில் போட்டுவிட்டால் அதுதான் செல்ஃப் ரைசிங் மாவு. ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் கலந்து வையுங்கள். ஈரக் கரண்டி படக்கூடாது. பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூனைச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

மதுரை வாசகி: செய்த உடனே மெத்தென்று இருக்கிறது, ஆறியதும் வரட்டி மாதிரி ஆகிவிடுகிறது. மாவில் குறையா?

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். பலரும் மாவையே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். மாவில் குறையில்லை, சூடுதான் போதவில்லை. தந்தூர் அடுப்பின் சுவர் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் நாண் ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற நேரமே இருக்காது. நாம் சிறு தீயில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் வேகும், ஆனால் காய்ந்துவிடும்.

கனமான இரும்புக் கல்லைப் பெரிய தீயில் நன்றாகக் காய விடுங்கள். தண்ணீர் தெளித்தால் நிற்காமல் ஓட வேண்டும். கல்லில் எண்ணெய் கூடாது. நாணை அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் தேய்த்து, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் கல்லில் படும்படி போடுங்கள். ஈரம் பட்ட மாவு கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலே கொப்புளம் எழும்பியதும் கல்லைக் கவிழ்த்து, மேல்பக்கத்தை நேராகத் தீயில் காட்டுங்கள். அங்கங்கே கருகிய புள்ளி விழ வேண்டும். வீட்டு நாணுக்கு அந்த ஓட்டல் மணம் வருவது அதில்தான். கல்லின் கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் வெண்ணெய் தடவி, துணியில் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

நான்ஸ்டிக்கில் இந்த முறை வேண்டவே வேண்டாம். மாவு ஒட்டாது, கவிழ்த்தால் விழும். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சும் கெடத் தொடங்கும்.

சிங்கப்பூர் வாசகர்: எங்களிடம் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது.

இரும்புக் கல்லில் போட்டு ஒரு நிமிடம் மூடி வையுங்கள், மேல்பக்கம் ஆவியில் வேகும். பிறகு திருப்பிப் போட்டு அழுத்தி எடுங்கள். ஓவன் இருந்தால் இன்னும் நல்லது. 250 டிகிரியில் கனமான தட்டை அரை மணி நேரம் உள்ளேயே காய வைத்து, அதன் மேல் நாணைப் போட்டால் நான்கைந்து நிமிடத்தில் உப்பி வரும்.

கோவை வாசகி: ராத்திரியே பிசைந்து வைத்தால் இன்னும் மெத்தென்று வருமா? இதே மாவில் சப்பாத்தியும் பரோட்டாவும் செய்யலாமா?

ஈஸ்ட் மாவுக்குத்தான் அந்தக் காத்திருப்பு. ஈஸ்ட் நேரம் ஆக ஆகப் பொங்கும், புளிப்பு மணமும் தரும். இந்த மாவில் தயிர் பட்ட உடனே வாயு வரத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க வைத்தால் அதில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஈஸ்ட் நாணின் மணம் இதில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு ஈஸ்ட், அவசரத்துக்கு இது.

சப்பாத்தி வேண்டாம். அது உப்புவது உள்ளே உண்டாகும் நீராவியால், அதற்குச் சோடா உப்பே தேவையில்லை. வீசி அடிக்கும் பரோட்டாவுக்கு நன்றாக ஊறி நீளும் மைதா வேண்டும், அதற்கும் இது சரிப்படாது. குல்சாவும் பட்டூராவும் அருமையாக வரும். பட்டூராவுக்கு ஒரு பிடி ரவை சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி: மைதா வேண்டாம் என்று கோதுமை மாவில் செய்தேன். கனமாக இருந்தது.

தவிட்டுத் துகள் மாவின் பிணைப்பை அறுக்கும். பாதிக்குப் பாதி கலந்து, தயிர் கொஞ்சம் கூட விட்டு, அரை மணி நேரம் ஊற விடுங்கள்.

திருச்சி வாசகர்: வீட்டில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இதைக் கொடுக்கலாமா?

மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேக்கிங் பவுடரில் இருக்கும் சோடா உப்பும் சோடியம்தான். உப்பே போடாமல் பிசைந்தாலும் நாணில் சோடியம் இருக்கும். அவருக்குத் தனியாக இரண்டு சுக்கா சப்பாத்தி போட்டுவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

டொராண்டோ வாசகி: மிச்சமானதை என்ன செய்வது அக்கா?

முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே வெண்ணெய்த் தாள் வைத்து ஃப்ரீஸரில் போடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே எடுத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, சூடான கல்லில் மூடி போட்டு எடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் அந்த நிமிடமே சாப்பிட்டுவிட வேண்டும்.