பிரஸ்ஸல்ஸ் போடுகிற சட்டம் கோத்தகிரித் தூளுக்கு எப்படிப் பொருந்தும்?

“ஐரோப்பிய நாடுகளைப் போல இறையாண்மையைப் பொதுவில் வைத்துக்கொள்வது நாட்டுக்கு லாபமா, ஓட்டுப் போடுகிறவனுக்கு நஷ்டமா? இந்தியாவும் இலங்கையும் அப்படிச் சேரலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தன் சட்டத்தைத் தானே போடும் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பொது அமைப்பிடம் விடுவது பற்றிய கேள்வி இது. கூடவே, “பிரஸ்ஸல்ஸில் யாரோ போடுகிற சட்டத்தால் எங்கள் தூளை ஏன் ஒதுக்க வேண்டும்?” என்றும் ஒரு வரி. கோத்தகிரி, குந்தா பக்கம் வீட்டில் ஓர் ஏக்கரோ இரண்டோ தேயிலை இருக்கிற பிள்ளை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தூளிலிருந்தே தொடங்கலாம். தேயிலையில் ஆந்த்ரகுவினோன் என்ற வேதிப்பொருள் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. ஐம்பது டன் தூளில் ஒரு கிராம். தோட்டத்தில் நாம் அடிக்கிற மருந்து இல்லை இது. பெரும்பாலும் புகையில் வருவது. டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கிற ஹீட்டரில் குழாய் ஓட்டை விழுந்தால் விறகுப் புகை காற்றோடு கலந்து தூளில் ஏறிவிடும். சில பொதி காகிதத்திலிருந்தும் வரும். தனி வரம்பு எதுவும் குறிக்கப்படாத பூச்சிமருந்துக்குப் பொதுவாக 0.01 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள்.

கடுமைதான். ஆனால் லாபமும் இதிலேயே இருக்கிறது. 2008 செப்டம்பர் வரை பல மருந்துகளுக்கு நாட்டுக்கு ஒரு வரம்பு இருந்தது. ஹாம்பர்க்கில் இறங்கும் சரக்கு வேறொரு துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். இன்று 27 நாட்டுக்கும் ஒரே அட்டவணை. ஒரு முறை சாம்பிள் எடுத்து, ஒரே அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். சின்ன ஃபேக்டரிக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. 27 சட்டத்தைப் படித்துச் சொல்ல ஆள் வைக்கப் பெரிய கம்பெனியால்தான் முடியும்.

அந்த அட்டவணையை யார் போடுகிறார்கள் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பம். இத்தாலியின் பார்மாவில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு அமைப்பு அறிவியல் கருத்து சொல்கிறது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவு எழுதுகிறது. உறுப்பு நாடுகளின் அதிகாரிகள் உட்காரும் நிலைக்குழு ஓட்டுப் போடுகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆட்சேபிக்கலாம். உட்கார்ந்து ஒரு எண்ணைத் திருத்தி எழுத முடியாது. நமக்கு என்ன ஜன்னல் இருக்கிறது? உலக வர்த்தக அமைப்பில் அறிவிப்பு வரும், கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். அதற்குள் டில்லி வழியாக எழுத்தில் போக வேண்டும். ஜெர்மனியில் தேநீர் குடிக்கிறவருக்காவது ஓட்டு இருக்கிறது, ஆனால் அந்த அறையில் தன் நாட்டு அதிகாரி எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று அவருக்கும் தெரியாது.

பெரிய சட்டங்களின் கதை கொஞ்சம் தேவலை. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் அமைச்சர்கள் மன்றத்தில் 27-ல் 15 நாடு சேர வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். தடுக்க வேண்டுமென்றால் 35 சதவீதத்துக்கு மேல் மக்கள் உள்ள குறைந்தது நாலு நாடு வேண்டும். மூன்று பெரிய நாடுகள் மட்டும் கூடி மற்றவர்களை மடக்கிவிடக் கூடாது என்றுதான் அந்த ‘நாலு’. வரி, வெளியுறவு, புது உறுப்பினர் சேர்க்கை போன்றவற்றுக்கு ஒருமனம் கட்டாயம். அங்கே சின்னஞ்சிறு நாடான மால்டா ஒன்று தலையாட்ட மறுத்தாலும் நின்றுவிடும்.

720 பேர் உட்காரும் நாடாளுமன்றத்தை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சட்ட முன்மொழிவைத் தானாகக் கொண்டுவரும் உரிமை அதற்கு இல்லை. அது ஆணையத்தின் கையில். நம் ஊரில் கோபம் வந்தால் அடுத்த தேர்தலில் ஆட்சியை மாற்றிவிடுகிறோம். அங்கே கோபத்தை எந்தப் பெட்டியில் போடுவது? 2005-ல் ஒன்றிய அரசியலமைப்பு வரைவைப் பிரான்ஸும் நெதர்லாந்தும் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தன. அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயரில் திரும்பி வந்தது. 2008-ல் அயர்லாந்து ‘வேண்டாம்’ என்றது. சில உறுதிமொழிகள் கொடுத்து 2009-ல் மறுபடி கேட்டு ‘சரி’ வாங்கினார்கள். ‘ஆமாம்’ வரும் வரை கேட்டுக்கொண்டிருப்பது வாக்கெடுப்பு ஆகாது, நச்சரிப்பு.

இந்த இடத்தில் கைதட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ‘வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து’ என்று பின்னூட்டம் எழுதப் போகிறவர்களும்தான். தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளோடு இந்தியா போட்ட சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. தேயிலை, காபிக்கான இறக்குமதி வரியை 100 சதவீதத்திலிருந்து படிப்படியாக 45-க்கும், மிளகுக்கு 70-லிருந்து 50-க்கும் இறக்க ஒப்புக்கொண்டது. நீலகிரிக்கும், காபியும் மிளகும் விளையும் தாண்டிக்குடிக்கும் நேரடியாகத் தொடர்புள்ள எண்கள். மக்களவையில் இதற்கு ஓட்டெடுப்பு நடந்ததா? இல்லை, நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒப்பந்தம் போடுவது நம் அரசியலமைப்பில் மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். ஐரோப்பாவில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். போலிப் பொருள் தடுப்பு ஒப்பந்தம் ஒன்றை 2012 ஜூலையில் 478-க்கு 39 என்று தூக்கி எறிந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு மக்களாட்சி குறைவு, தனியாக நிற்பவர்களுக்கு அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தனித்தனி இறையாண்மை மக்களிடம் கேட்டு நடக்கும் என்று நம்புகிறவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ டேன்டீ லயன் வரிசையில், அதாவது இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் வேலை செய்யும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பில், போய்க் கேட்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கணக்குப் பிரித்தார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். மூட்டை எண்ணுவது போல எண்ணினார்கள், எண்ணப்பட்டவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. இரண்டும் முழு இறையாண்மை உள்ள நாடுகள்தான். போலந்துக்காரர் வேலை தேடி ஜெர்மனிக்குப் போனால் ஒன்றியக் குடியுரிமையும் கூடவே போகிறது; குடியிருக்கும் ஊர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் போடலாம்.

சேர்ந்தால் சிறியவர்களின் குரல் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. ஒன்றிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6 இடம், ஜெர்மனிக்கு 96. தலைக்கணக்கில் பார்த்தால் மால்டாக்காரரின் ஓட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு எடை. சிறியவர்கள் கரைந்துபோகாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நம் நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர். பாதி மலை, பாதி சமவெளி. பனியனும் வாழையும் பேசும் மேடையில் பச்சைத் தேயிலை விலைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? மால்டா கணக்கை இங்கே யாரும் கேட்பதில்லை.

சரி, தெற்காசியா. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கியது. முடிவெல்லாம் ஒருமனதாக இருக்க வேண்டும், இருநாட்டுச் சச்சரவுகளைப் பேசக்கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. எவர் இறையாண்மைக்கும் கீறல் விழாது. பலன், 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு தலைவர்கள் மாநாடு நடக்கவே இல்லை. ஐரோப்பா 1951-ல் ஆறு நாடுகளோடு நிலக்கரி, எஃகு என்ற இரண்டே சரக்கில் ஆரம்பித்தது. இங்கே அப்படித் தொடங்கலாமென்றால், இந்தியாவும் இலங்கையும் ஒருவர் சோதனைக்கூடத் தேயிலைச் சான்றிதழை மற்றவர் ஏற்பதில் ஆரம்பிக்கலாம்.

அப்படி ஒரு வரைவு வந்தால் முதல் பக்கத்தில் ‘நட்புறவு’ என்று எழுதியிருப்பதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். வரம்பை முன்மொழிவது யார், அவரை நீக்குவது யார், அறையில் போட்ட ஓட்டு வெளியே தெரியுமா என்று பாருங்கள். அப்புறம் விலகும் பிரிவு. ஐரோப்பாவில் அது 50-வது பிரிவு, அறிவிப்புக் கொடுத்தால் இரண்டு ஆண்டு. பிரிட்டன் 2017 மார்ச் 29-ல் கொடுத்து, 2020 ஜனவரி 31-ல்தான் வெளியே வந்தது.