பச்சரிசியும் லேசரும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எங்கள் துறையில் பெரும்பாலும் என்.எல்.ஓ. படிகம்தான், அதாவது லேசர் ஒளியின் நிறத்தையே மாற்றக்கூடிய நேரிலா ஒளியியல் படிகம்தான், வளர்க்கிறார்கள். எனக்கு அதே வேலையை உயிரிப் பாலிமரில், அதாவது உயிரினங்களிலிருந்து கிடைக்கும் நீள்சங்கிலிப் பொருளில், செய்ய ஆசை. ஜப்பானில் சால்மன் மீனின் டி.என்.ஏ.வைப் பயன்படுத்துகிறார்களாம். நம் டெல்டாவில் அப்படி என்ன இருக்கிறது? "அரிசியும் இறாலும்தான் இருக்கு" என்கிறார்கள் தோழிகள்.

அன்புள்ள மாணவிக்கு,

அந்த இரண்டும் போதும். அரிசியில் தொடங்குங்கள்.

1064 நானோமீட்டர் லேசர் துடிப்பு மாவுச்சத்து மணிகளில் பட்டால், மிகச் சிறிய பங்கு 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக வெளிவரும். 1961இல் பீட்டர் ஃபிராங்கன் குழு குவார்ட்ஸில் கண்ட அதே இரண்டாம் ஹார்மோனிக் விளைவுதான், அதாவது ஒளியின் அலைநீளம் பாதியாவதுதான், இது. மூலக்கூறு அடுக்கில் மையச் சமச்சீர் (ஒரு நடுப்புள்ளிக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல் இருப்பது) இருக்கக் கூடாது என்பது இதற்கு அடிப்படை. மாவுச்சத்து மணிக்குள் அமைலோபெக்டின் என்ற கிளைத்த மூலக்கூறின் சுருள்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைகட்டி நிற்பதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது.

ஆனால் தண்ணீரோடு சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த வரிசை குலைந்துவிடும், பச்சை ஒளியும் மங்கிவிடும். வேதிப்பொருள் அதேதான், அடுக்கு மட்டுமே போயிற்று. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நெல்லை அவிக்கும்போதும் மாவுச்சத்துக்கு இதுவே நடக்கிறது. ஒரே நெல்லில் பச்சரிசியும் புழுங்கலரிசியும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நெல் எவ்வளவு அவிந்திருக்கிறது என்பதை ஒளியால் அளக்க முடியுமா? ஆலைக்காரர்களுக்கும் பயன்படக்கூடிய கேள்வி இது, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆர்வம்.

அப்புறம் இறால். நாகை, வேதாரண்யம் பக்கம் கழிவாகப் போகும் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற உயிரிப் பாலிமரை எடுக்கலாம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து ஊற்றினால் தெளிவான படலம் கிடைக்கும். ஹொக்கைடோவின் சித்தோசே ஆய்வாளர்களும் மீன் தொழிலில் வீணான சால்மன் விந்துச்சுரப்பியிலிருந்துதான் டி.என்.ஏ. எடுத்தார்கள். அதை சி.டி.எம்.ஏ. என்ற சோப்பு போன்ற பொருளோடு சேர்த்து, நீரில் கரையாமல் ஆல்கஹாலில் கரையும்படி மாற்றினார்கள். கைட்டோசான் படலத்தை, இந்த ஒளி விளைவைத் தரும் சாயத்துக்கான தாங்கியாக வையுங்கள். சூடாக்கி, மின்புலம் கொடுத்து, புலத்தை எடுக்காமலேயே ஆறவிட்டால் சாய மூலக்கூறுகள் ஒரே திசையில் திரும்பும், மையச் சமச்சீர் போய்விடும். நாளாக ஆக அவை மறுபடி கலையும், அந்த வேகத்தையும் பதிவு செய்யுங்கள்.

கைட்டோசான் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஐப்பசி மழையில் அளக்க நேர்ந்தால் படலத்தை டெசிகேட்டரில் (ஈரம் நீக்கும் மூடிய பாத்திரத்தில்) வையுங்கள்.

ஒரு பொருளின் தூளில் லேசரைப் பாய்ச்சி, வெளிவரும் இரண்டாம் ஹார்மோனிக் ஒளியை அளக்கும், 1968இல் வந்த குர்ட்ஸ்-பெர்ரி தூள் முறை உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கும். கே.டி.பி. என்ற பழக்கமான என்.எல்.ஓ. படிகத்தை ஒப்பீடாக வைத்து அரிசித் தூளை அளந்துதர முடியுமா என்று இந்த வாரமே அவரிடம் கேளுங்கள். எண் சிறியதாக வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.