மனம் ஒரு இடத்தில் நிற்குதில்லை என்ற தம்பிக்கு

தம்பி, ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்குப் படிக்க வந்த பிறகு கும்பிடக்கூட மனம் வருதில்லை, வந்தது சரியா பிழையா என்று இரவிரவாக யோசனை என்று கேட்டிருந்தீர். வாடகை, காப்புறுதி பற்றியும் கேட்டீர். அதைப் பல்கலைக்கழகத்து ஆட்கள் என்னைவிட வடிவாகச் சொல்லுவார்கள்.

நாங்கள் 1985இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்து அகதியாகப் பதிந்தவர்கள். வேலை செய்ய அனுமதியில்லை. குறித்த எல்லையைத் தாண்டுவதென்றால் கடிதம் வாங்க வேண்டும். ஒரு அறையில் நாலு கட்டில். சும்மா இருந்தே கெட்டோம். மத்தியானம் எழும்பினால் கடதாசி விளையாட்டு, பின்னேரம் "இன்னாருடைய வழக்கை நிராகரித்துவிட்டார்களாம்" என்ற கதை. ஒருவர் கொண்டுவந்த வதந்தி விடிவதற்குள் நாலு கட்டிலுக்கும் தொற்றிவிடும்.

அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பிள்ளையார் படம் ஒட்டி வைத்திருந்தேன். மற்றவர்கள் நித்திரையாக இருக்கும்போதே எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, அம்மா சொல்லித் தந்த தேவாரத்தை வாய்க்குள் முணுமுணுப்பேன். பாதியில் வழக்கு நினைவு வந்து அடி தவறும். தவறிய அடியிலிருந்து திரும்பத் தொடங்குவேன். மனம் பதியாத நாளிலும் வாய் சொல்லும். அது முடிந்த பிறகுதான் எவருடைய கதையையும் கேட்பது என்று ஒரு கண்டிப்பு. உமக்கு இப்போது அந்த நாலு கட்டிலும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. கும்பிட்டு முடியுமட்டும் அதைத் தொடாதேயும். மனம் வரட்டும், பிறகு கும்பிடலாம் என்றும் பார்த்துக்கொண்டிராதேயும்.

அப்புறம், தளர்ந்தவனை மோப்பம் பிடித்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். தொலைபேசியிலேயே சாதகம் பார்த்து, சனி தோஷம், பரிகாரத்துக்கு இவ்வளவு யூரோ அனுப்பும் என்பார்கள். ஒரு சதமும் கொடாதேயும். எங்கள் ஆட்களில் சிலர் கோயிலுக்கு வருவதே சங்கிலியின் தடிப்பைக் காட்டவும், யாருடைய பிள்ளை டொக்டர் என்று விசாரிக்கவும்தான். அவர்களோடு உம்மை ஒப்பிட்டால் இருக்கிற நிம்மதியும் போய்விடும். நான் பேக்கரியில் இரவு வேலை செய்துகொண்டே டொச் (ஜேர்மன் மொழி) படித்தவன், வெள்ளிக்கிழமை விரதத்தையும் விடவில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

நித்திரையில்லாமல் கிழமைக்கணக்கில் போனால் டொக்டரிடம் போம். பிள்ளையார் கோவிக்கமாட்டார்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் உமக்குக் கிட்டத்தானே. 2002இல் தொழிற்பேட்டைக்கு நடுவே அந்தக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தபோது பழைய அறைக்காரர் எல்லோரும் போயிருந்தோம். கடதாசியில் எங்களை எந்நேரமும் வென்றவன்தான் முதலில் அழுதான். கோடையில் தேருக்கு வாரும். ஆனால் விடியவே வெளிக்கிடும், பிந்தினால் கார் விட இடம் கிடையாது.