வாசகர் கேள்விகள்: கையெழுத்தும் நாடாளுமன்றமும்

கேள்வி: உலக வணிக அமைப்பில் சேர்ந்துவிட்ட பிறகு, நாம் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றத்துக்குச் சொந்தமாகச் சட்டம் செய்யும் அதிகாரம் மிஞ்சியிருக்கிறதா?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: மிஞ்சியிருக்கிறது, ஆனால் சுருங்கிவிட்டது. அதைக் காட்ட நம் ஊர் வழக்கு ஒன்றே போதும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை தந்ததே தவிர மருந்துக்குத் தரவில்லை. அதனால்தான் நம் நிறுவனங்கள் அதே மருந்தை வேறு முறையில் செய்து மலிவாக விற்றன. 1995இல் பிறந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தால், 2005 ஜனவரி முதல் மருந்துக்கும் காப்புரிமை தந்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. ஆனால் அதற்கான திருத்த மசோதா 2005இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கடுமையாக்கப்பட்டது: ஏற்கெனவே அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருந்தாலன்றிக் காப்புரிமை கிடையாது.

நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக் அந்தப் பிரிவில்தான் சிக்கியது. ஒருவகை ரத்தப் புற்றுநோய் கண்டவர் நாள் தவறாமல், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. அப்போது அந்நிறுவனத்தின் விலை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் விலை ஏறத்தாழ 10,000 ரூபாய்தான். மருந்தின் புதிய படிக வடிவத்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்பிரிவு ஒப்பந்தத்துக்கு முரணா என்பதை உலக வணிக அமைப்பின் தகராறு தீர்க்கும் ஏற்பாட்டில்தான் கேட்க வேண்டும் என்றும், அது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதல்ல என்றும் கூறி, 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த ஏற்பாட்டின்கீழ் நாடுகள்தாம் வழக்குத் தொடுக்க முடியும், சுவிட்சர்லாந்து தொடுக்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

உறுப்பினர்கள் வாதாடி வாங்கிய அந்த ஒரு பிரிவு எத்தனை குடும்பங்களைக் காத்தது என்று நினைக்கும்போதெல்லாம், அதே வாதம் ஏன் பத்தாண்டு முன்பே நடக்கவில்லை என்ற ஆற்றாமைதான் எனக்கு எழுகிறது. பன்னாட்டு ஒப்பந்தம் செய்வது நம் நாட்டில் மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் வேலைதான் அரசமைப்புச் சட்டத்தின் 253ஆவது பிரிவின்படி அதற்கு வருகிறது. அமெரிக்காவிலோ 1994 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பிறகே இந்த ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. நம் இறையாண்மையை வெளியார் பறித்தார்கள் என்பதைவிட, அதை நம் பிரதிநிதிகளிடம் கேட்காமலே நம் அரசு ஈடு வைத்தது என்பதே சரி என்று கருதுகிறேன்.

கேள்வி: இதில் மாநிலங்களுக்கு என்ன பங்கு?
(அம்பத்தூர் வாசகர்)

பதில்: பொறுப்பு உண்டு, குரல் இல்லை. ஒரகடம் கார் ஆலைக்குத் தமிழ்நாடு அரசு வாக்களித்த ஊக்கத்தொகை முழுமையாக வரவில்லை என்று நிசான் நிறுவனம் நடுவர் மன்றம் சென்றபோது, 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பானிய வணிக, முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்திய அரசுதான் எதிர்தரப்பானது. வாக்களித்தது கோட்டை, பதில் சொல்ல வேண்டியிருந்தது டெல்லி. 2020இல் சமரசம் ஏற்பட்டது. அந்த ஜப்பானிய ஒப்பந்தத்துக்கு நம் சட்டப்பேரவையின் ஒப்புதல் தேவைப்படவே இல்லை.