ஸ்டிக்கி ரைஸ்: ஊறும்போதே குடித்துவிட வேண்டிய தண்ணீர்

கேள்வி: தாய்லாந்து ஸ்டிக்கி ரைஸ் ஒரு கிலோ வாங்கினேன். முதல் தடவை பொன்னிக்கு வைப்பதுபோல ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்து, குக்கரில் மூன்று விசில் விட்டேன். கரண்டி நகராத களியாகிவிட்டது. அடுத்த தடவை அரை மணி நேரம் ஊறவைத்து இட்லிப் பானையில் அவித்தேன். நாற்பது நிமிடம் ஆகியும் நடுவில் வெள்ளையாகப் பல்லில் கடிபட்டது. எங்கே தவறு? கவுனி அரிசிக்கும் இதே பக்குவம்தானா?

பதில்: இரண்டு தடவையும் தவறியது தண்ணீர்தான். முதலில் அடுப்பில் அளவுக்கு மேல் கிடைத்தது, பிறகு ஊறும்போது போதாமல் போனது. இந்த அரிசி வேகத் தேவையான தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் ஊறும் நேரத்திலேயே உள்ளே போய்விட வேண்டும். அடுப்பில் அதற்கு ஆவி போதும்.

காரணம் மாவுச்சத்தில் இருக்கிறது. அரிசி மாவுச்சத்து அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வகை. நாம் அன்றாடம் வடிக்கும் அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் அமைலோஸ் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சோறு பொலபொலவென்று உதிர்வதும், ஆறினால் விறைப்பதும் அதனால்தான். ஸ்டிக்கி ரைஸ் என்னும் ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை. கொதிநீரில் போட்டால் அதன் மாவுத்துகள்கள் தடையில்லாமல் உப்பி உடைந்து கரைகின்றன. அதுதான் உங்கள் குக்கரில் வந்த களி. ஒட்டுவது வேறு, குழைவது வேறு. பக்குவமாக வெந்த ஸ்டிக்கி ரைஸில் பருக்கை பருக்கையாகத் தெரியும், கையால் பிட்டால் திரளாக வரும், விரலில் பிசுபிசுப்பு அதிகம் தங்காது. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் இதைச் சிறு உருண்டையாகப் பிடித்துக் குழம்பிலோ துவையலிலோ தொட்டுக் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

பாக்கெட்டில் ‘குளூட்டினஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கோதுமைப் புரதமான குளூட்டன் இருப்பதாகப் பயப்பட வேண்டாம். இந்த அரிசியில் அது கிடையாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. தாய்லாந்தின் ஜாஸ்மின் அரிசியும் ஜப்பானிய சுஷி அரிசியும் ஒட்டரிசி அல்ல. சாதாரணப் பச்சரிசி மணி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தெரியும். ஒட்டரிசி மணி சாக்கட்டிபோல் முழு வெள்ளையாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு மணியை நசுக்கி, தண்ணீர் கலந்த டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். சாதாரண அரிசி கருநீலமாகும், ஒட்டரிசி செம்பழுப்பாகும். சோதித்த மணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நான்கு பேருக்கு 500 கிராம் போதும். முதலில் மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போகாவிட்டால் அவியும்போது பருக்கைகளுக்கு இடையே பசையாகி ஆவியின் வழியை அடைத்துவிடும். பிறகு அரிசிக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி ஊறவையுங்கள். நம் வெயிலுக்கு வெளியில் ஐந்து முதல் ஆறு மணி நேரம் போதும். காலையில் சமைக்க வேண்டுமானால் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் இரவு முழுதும் வெளியில் வைத்தால் தண்ணீர் புளித்து, சோற்றிலும் அந்த வாடை வரும். அவசரமென்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் வைக்கலாம். அதற்குக் குறைந்து வேண்டாம். பழைய அரிசியானால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். நேரத்தைவிட நகம் நம்பகமானது: ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் நடுவில் கடினமில்லாமல் மாவாக உடைய வேண்டும். ஊறிய 500 கிராம் அரிசி, நீர் வடிந்தபின் ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் இருக்கும். சல்லடையில் கொட்டிப் பத்து நிமிடம் நன்றாக வடியவிடுங்கள்.

லாவோஸிலும் தாய்லாந்திலும் மூங்கிலால் பின்னிய கூம்புக் கூடையை ஒடுங்கிய வாய்ப் பானைமேல் செருகி அவிக்கிறார்கள். நமக்கு இட்லிப் பானையே போதும், குழித்தட்டு மட்டும் வேண்டாம். துளையுள்ள தட்டையான தட்டின்மேல் ஈரமான மல் துணி விரித்து, அரிசியை ஓர் அங்குல உயரத்துக்குள் பரப்புங்கள். அழுத்தக் கூடாது. பானைத் தண்ணீர் தட்டுக்கு மூன்று விரல் கீழே இருக்கட்டும். கொதித்துத் தெறித்தால் அடிச்சோறு சொதசொதக்கும். மூடிக்கு உட்புறம் ஒரு துணி கட்டிவிட்டால் நீர்த்துளி சோற்றில் சொட்டாது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகே தட்டை இறக்குங்கள். 12 நிமிடம் கழித்துத் துணியின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கி, சோற்றைத் தலைகீழாகப் புரட்டுங்கள். வெந்துவரும்போது அது ஒரே அடையாகத் திரும்பும். இன்னும் 10 நிமிடத்தில் பருக்கை முழுவதும் பளபளவென்று கண்ணாடித் தன்மை பெற்றுவிடும். சாக்கட்டி வெள்ளை எங்கும் இருக்கக் கூடாது.

நடுவில் வெள்ளை நின்றால் மேலும் நேரம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. மாவு வேகச் சூட்டோடு தண்ணீரும் வேண்டும். ஆவி அதைப் போதுமான அளவு தராது. உங்கள் நாற்பது நிமிடம் வீணானது இதனால்தான். இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீரைப் பரவலாகத் தெளித்து, புரட்டி, மேலும் எட்டு நிமிடம் வையுங்கள். ஓரளவு சரியாகும், ஆனால் முறையாக ஊறியதன் மென்மை வராது.

இறக்கிய உடனே பாத்திரத்தில் அடைக்காதீர்கள். பலகையிலோ அகலத் தட்டிலோ கொட்டி, மரக்கரண்டியால் இரண்டு மூன்று முறை புரட்டி மேலாவியைப் போகவிடுங்கள். பலர் விடும் படி இதுதான், ஆனால் ஒரு நிமிட வேலைதான். விட்டால் அந்த ஆவியே நீராகித் திரும்பச் சோற்றில் இறங்கிப் பிசுபிசுப்பாக்கும். அதிகம் ஆறவிட்டால் மேற்பரப்பு தோலாகக் காயும். பிறகு மூடிபோட்ட மூங்கில் கூடையோ, அடியிலும் மேலும் துணி வைத்த ஹாட்பாக்ஸோ நல்லது. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே கல்லாகும், கவலை வேண்டாம். தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் அவித்தால் மென்மை திரும்பும்.

மாம்பழத்தோடு சாப்பிடும் தேங்காய்ப்பால் சோறு செய்வதானால், மேற்சொன்ன அளவுக்கு 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 150 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டிலேயே சோற்றில் கலந்து இருபது நிமிடம் மூடிவையுங்கள். ஆறிய சோறு பாலைக் குடிக்காது.

கவுனிக்கு வருவோம். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் வழியாகச் செட்டிநாட்டு விருந்துக்கு வந்த அரிசி அது. அதுவும் ஒட்டரிசி இனம்தான், ஆனால் தவிட்டோடு இருக்கும் கருப்பரிசி. தவிடு தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. தவிர, கவுனி இனிப்புக்கு நாம் எதிர்பார்ப்பதே குழைவுதான். ஆகவே பக்குவம் தலைகீழ். ஒரு முறை லேசாக அலசி, ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர் விட்டு இரவு முழுதும் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது, கருஞ்சிவப்பு நிறம் அதில்தான் இறங்கியிருக்கும். அதோடு குக்கரில் மிதமான தீயில் ஆறேழு விசில் விட்டு, தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். அழுத்தம் அடங்கியதும் சூடாகவே மத்தால் லேசாக மசித்து முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் தேங்காய்த்துருவல், நெய், ஏலக்காய் சேருங்கள். சர்க்கரையை வேகும்போதே போட்டுவிட்டால் அது தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துக்கொள்ளும். அரிசி அதன்பிறகு எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே நிற்கும்.