ரேஷன் காலத்தில் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பணம் சேர்த்தனவா?

“ரேஷன் வந்தால் வாங்கப் பொருள் இருக்காது, பணம் தானாகச் சேருமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் அப்படித்தான் நடந்தது. கூப்பனுக்கு மேல் வாங்க முடியாததால் மிச்சக் காசு, போருக்காக அரசுக்குக் கடன் கொடுக்கும் போர்ப் பத்திரங்களுக்குப் போனது. விலையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியர் கைக்குப் போன பிறகு சிங்கப்பூரில் கதையே வேறு. இங்கேயும் அரிசிக்கு ரேஷன் அட்டை உண்டு. ஆனால் அளவு குறைந்துகொண்டே போனது, மிச்சத்தைக் கள்ளச் சந்தையில்தான் தேட வேண்டும். சம்பளம் கிடைத்ததோ ஜப்பானியர் அச்சடித்துத் தள்ளிய ‘வாழைமர நோட்டில்’. பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால் அந்தப் பெயர். பின்னால் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. அதைப் போய் யார் சேர்த்து வைப்பார்கள்?

அதனால் சம்பளம் கைக்கு வந்ததும் மரவள்ளிக்கிழங்கு, எண்ணெய், சோப்பு, துணி என்று எதையாவது வாங்கிப் போட்டார்கள். அப்போது பொருள்தான் சேமிப்பு. பீரோவில் இருந்த பட்டுப்புடவை கொஞ்சம் அரிசியாக மாறும். நம் வீடுகளில் தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது என்பார்கள். சரி, பழைய வெள்ளைக்காரன் நோட்டு? ஒளித்து வைத்தவர்கள் தப்பித்தார்கள். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் வாழைமர நோட்டு செல்லாக்காசானது, பழைய மலாயா டாலர் மறுபடி செல்லுபடியானது.